பிரைமர் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும்?

தீபாவளிக்குப் பொட்டு வெடி வாங்கிய குழந்தை அதைக் கருங்கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால் தட்டும். பட்டென்று வெடிக்கும். அதே பொட்டை மணலின் மேல் வைத்துத் தட்டினால் பெரும்பாலும் வெடிக்காது. அடியை மணல் வாங்கிக்கொண்டு அமுங்கிவிடும், பொட்டுக்குள் இருக்கும் மருந்து நசுங்காது. மேலிருந்து ஓர் அடி, கீழே அசையாத ஒரு தளம், இரண்டுக்கும் இடையில் சிக்கிய மருந்து. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் தீப்பொறி பிறக்கும்.

துப்பாக்கித் தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமரும் இந்த முறையில்தான் வேலை செய்கிறது. பட்டாணி அளவுள்ள இந்த உலோகக் கிண்ணம் தன் குழிக்குள் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது ஒரு தலைமுடியின் தடிமனை ஒத்த அளவில் கணக்கிடப்படுகிறது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி ரைஃபிளில் அந்தச் சிறு அளவுக்குப் பெரிய பொறுப்பு இருக்கிறது. அது ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் இலக்குச் சுடும் பழக்கமுள்ளவர்களில் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவதோடு நிற்பதில்லை. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எடுத்து வைத்து மறுபடியும் நிரப்புகிறார்கள். தோட்டாவில் விலை கூடிய பகுதி அந்தக் கூடுதான், அதைப் பல முறை பயன்படுத்தலாம். காசு மிச்சமாவதோடு, தன் துப்பாக்கிக்குப் பொருந்தும் வகையில் ஒரே சீரான தோட்டாக்களைத் தயாரித்துக்கொள்ளவும் முடிகிறது. அங்கே இது சட்டத்துக்கு உட்பட்ட, பழைய கைவேலை. இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

வேலையின் வரிசை இது. பழைய பிரைமரை வெளியே தள்ள வேண்டும். சுட்டபோது விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். புதுப் பிரைமரை அழுத்தி உட்கார வைக்க வேண்டும். பிறகு மருந்தை அளந்து போட்டு, வாயில் குண்டைச் செருக வேண்டும். நாம் இங்கே எடுத்துக்கொள்வது மூன்றாவது வேலையை மட்டும்.

முதலில் பிரைமரின் உள்ளமைப்பு. அதில் மூன்று உறுப்புகள். முதலாவது, மெல்லிய உலோகக் கிண்ணம். இரண்டாவது, கிண்ணத்தின் அடியில் பூசப்பட்டிருக்கும் தீமருந்து. தீயைக் காட்டாமலே, அடிபட்டவுடன் பற்றிக்கொள்ளும் மருந்து இது. இன்று பெரும்பாலும் ஈயச் சேர்மம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. மூன்றாவது, கிண்ணத்தின் வாயில் பொருத்தியிருக்கும் சிறு கால்களுள்ள தகடு. கொல்லன் பட்டறையில் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையின் வேலையை அந்தத் தகடு செய்கிறது. அதனால் அதற்குப் பட்டடை என்றே பெயர். துப்பாக்கியின் அடிஊசி கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் குத்தும்போது, கிண்ணம் உள்ளே குழிந்து, மருந்தைப் பட்டடையின் முனையோடு சேர்த்து நசுக்குகிறது. அதிலிருந்து கிளம்பும் சுடர் குழியின் நடுவில் உள்ள துளை வழியாகக் கூட்டுக்குள் போய், அங்கே நிரப்பியுள்ள மருந்தைப் பற்ற வைக்கிறது.

அடியால் பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தில் ஒரு தேவாலயப் போதகர், அலெக்சாண்டர் ஃபோர்சைத். அவர் 1807-இல் காப்புரிமை பெற்றார். இப்போது நாம் பேசுகிற, பட்டடையைத் தன்னுள்ளேயே கொண்ட பிரைமர் 1860-களில் இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸர் என்ற ராணுவ அதிகாரியின் பெயரில் வந்தது. அதே காலத்தில் அமெரிக்கரான ஹைரம் பெர்டன், பட்டடையைக் கூட்டின் குழியிலேயே உருவாக்கிவிடும் வேறொரு முறையைக் கண்டார். ஆங்கிலேயரின் பிரைமர் அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கரின் பிரைமர் ஐரோப்பாவில் பரவியது. மறுநிரப்பல் அமெரிக்காவில் வீட்டுக் கைவேலையாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பாக்ஸர் முறையில் நடுவில் ஒரே துளை இருப்பதால், ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பழைய பிரைமரை எளிதாகத் தள்ளிவிடலாம். பெர்டன் கூட்டில் துளைகள் பக்கவாட்டில் இருக்கும், நடுவில் பட்டடை மறித்து நிற்கும்.

இப்போது நம் விஷயத்தின் மையத்துக்கு வருவோம். பிரைமரை உட்கார வைப்பது என்றால் சரியாக என்ன நடக்கிறது?

புதுப் பிரைமரில் பட்டடையின் கால்கள் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிச் சிறிது வெளியே நீட்டியிருக்கும். பிரைமரைக் குழிக்குள் அழுத்தும்போது முதலில் அந்தக் கால்கள்தான் குழியின் தரையைத் தொடுகின்றன. அதற்கு மேலும் சற்று அழுத்தினால் கால்கள் பின்வாங்கி, பட்டடையின் முனை மருந்தின் மேல் லேசாக அழுந்துகிறது. இப்போது மருந்து, கிண்ணம், பட்டடை, குழியின் தரை எல்லாம் இடைவெளி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. கருங்கல்லின் மேல் வைத்த பொட்டு வெடியின் நிலை இது. அடிஊசியின் அடி சிதறாமல் மருந்துக்குப் போய்ச் சேரும்.

கால்கள் தரையைத் தொடாமல் நின்றுவிட்டால்? அடிஊசியின் முதல் அடி பிரைமரைக் குழிக்குள் தள்ளுவதிலேயே செலவாகிவிடும். மணலின் மேல் வைத்த பொட்டு வெடி. தோட்டா வெடிக்காது. ஒரு முறை அடித்தும் வெடிக்காத தோட்டா இரண்டாம் அடிக்கு வெடிப்பதைச் சுடுகிறவர்கள் பார்த்திருப்பார்கள். அதன் காரணம் பல நேரங்களில் இதுதான்.

ஆக, மேலே நிற்கும் பிரைமர் வெடிக்காமல் போகக்கூடும். அதே மேடான பிரைமர் வேண்டாத நேரத்தில் வெடிக்கவும் கூடும். ஒரே குறை எதிரெதிரான இரண்டு விளைவுகளைத் தருவது புதியவர்களைக் குழப்பும். விடை துப்பாக்கியின் அமைப்பில் இருக்கிறது.

கையால் இழுத்து மூடும் ரைஃபிளில், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் இரும்பு உருளையான போல்ட், சுடுகிறவரின் கை வேகத்தில்தான் நகரும். ஏதாவது தட்டினால் கைக்குத் தெரியும், நிறுத்தலாம். அரைத் தானியங்கியில் அப்படியில்லை. ஒரு குண்டு வெளியேறியதும் அதன் வாயு அழுத்தத்தால் போல்ட் பின்னுக்குப் போகிறது, வெறுங்கூட்டை வெளியே எறிகிறது. பிறகு ஸ்பிரிங்கின் விசையால் வேகமாக முன்னே பாய்ந்து, புதுத் தோட்டாவைக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் தள்ளி மோதி நிற்கிறது. யாருடைய கையும் அங்கே இல்லை. இந்த மோதலிலேயே, சுடும் விசையை யாரும் இழுக்காமல், தோட்டா வெடித்துவிடுவதை ஸ்லாம் ஃபயர் என்கிறார்கள்.

இது இரண்டு வழிகளில் நேரலாம். முதல் வழி, போல்ட்டின் முகமே மேடான பிரைமரில் மோதுவது. கூட்டின் அடியைவிடப் பிரைமர் உயர்ந்து நின்றால், போல்ட் முதலில் தொடுவது அதைத்தான். தோட்டா அறைக்குள் போய் முட்டி நின்ற கணத்தில் மோதலின் முழு வேகமும் பிரைமரின் மேல் இறங்குகிறது. போல்ட்டின் முகம் தட்டையானது, ஊசி முனைபோல ஓரிடத்தில் குத்தாது. அதனால் மேடான பிரைமர் ஒவ்வொன்றும் வெடித்துவிடும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலானவை வெடிப்பதில்லை. ஆனால் கால்கள் தரையைத் தொட்டும் மேடாக நிற்கிற பிரைமர், அதாவது குழியில் அழுக்குப் படிந்தோ குழியே ஆழம் குறைந்தோ இருப்பதால் உயர்ந்து நிற்கிற பிரைமர், கல்லின் மேல் வைத்த பொட்டுதான். அதை நம்பி இருக்க முடியாது.

இரண்டாம் வழி அடிஊசி. பல ராணுவ ரைஃபிள்களில் அடிஊசியைப் பின்னுக்குப் பிடிக்கும் ஸ்பிரிங் கிடையாது. அது போல்ட்டுக்குள் தளர்வாகவே இருக்கும். பேருந்து சட்டென்று நின்றால் நிற்பவர்கள் முன்னே சாய்வதுபோல, போல்ட் மோதி நிற்கும்போது ஊசி தன் வேகத்திலேயே முன்னே போய்ப் பிரைமரை லேசாகத் தொடும். ஏஆர்-15 ரைஃபிளில் ஒரு தோட்டாவை ஏற்றிவிட்டுச் சுடாமல் வெளியே எடுத்துப் பார்த்தால், பிரைமரின் நடுவில் ஊசி முனை பதித்த சிறு புள்ளி தெரியும். இது கோளாறு அன்று, அமைப்பின் இயல்பு. பிரைமர் சரியான ஆழத்தில் இருந்து, அதன் கிண்ணமும் போதிய தடிமனோடு இருந்தால் அந்தத் தொடுதல் ஒன்றும் செய்யாது.

அமெரிக்க ராணுவம் 1936-இல் ஏற்றுக்கொண்ட எம்1 காரண்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலையில் ஜான் காரண்ட் வடிவமைத்த இந்த ரைஃபிள், எட்டுத் தோட்டாக்கள் கோத்த ஓர் உலோகப் பிடியை அப்படியே விழுங்கிக்கொள்ளும். ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் தேசியப் போட்டிகளில் இன்றும் பலர் இதை எடுத்துவருகிறார்கள், மறுநிரப்பல் செய்கிறவர்களிடமும் இது பெயர் பெற்றது. இதன் அடிஊசியும் தளர்வானது. போல்ட் திரும்பிப் பூட்டிக்கொள்ளும்வரை ஊசியின் வாலை முன்னே வரவிடாமல் தடுக்க, ரைஃபிளின் உடலில் ஒரு தடுப்பை வடிவமைப்பாளர் வைத்திருக்கிறார். ஊசியைத் தடுக்க அந்தத் தடுப்பு இருக்கிறது. மேடான பிரைமரில் மோதும் போல்ட்டின் முகத்தைத் தடுக்க எதுவும் இல்லை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், ஸ்லாம் ஃபயரிலும் இரண்டு நிலைகள் உண்டு. போல்ட் முழுதாகப் பூட்டிய பின் வெடித்தால் குண்டு குழல் வழியாகவே போகும். குழல் பாதுகாப்பான திசையை நோக்கியிருந்தால் அதிர்ச்சியோடு போய்விடும். போல்ட் பூட்டிக்கொள்ளும் முன்பே வெடித்தால் நிலைமை வேறு. ரைஃபிள் தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டைத் தாண்டக்கூடியது. அந்த அழுத்தத்தைத் தாங்குவது மெல்லிய பித்தளைக் கூடு அன்று, அதைச் சூழ்ந்திருக்கும் எஃகு அறையும் பூட்டிய போல்ட்டும்தான். பூட்டு விழாத நேரத்தில் கூடு பின்பக்கம் பிளந்து, வாயுவும் உலோகத் துண்டுகளும் சுடுகிறவரின் முகத்துக்கு அருகில் வெளியேறும். மேடான பிரைமரைப் பற்றி அனுபவசாலிகள் இவ்வளவு வற்புறுத்துவது இந்த இரண்டாம் நிலையை எண்ணித்தான்.

இனி கைவேலைக்கு வருவோம். பிரைமரின் ஆழம் அதை அழுத்தும் நேரத்துக்கு முன்பே, குழியில் தீர்மானமாகிவிடுகிறது.

சுட்ட கூட்டின் குழியில் எரிந்த மருந்தின் கசடு கட்டியிருக்கும். அது அங்கேயே இருந்தால் புதுப் பிரைமர் கசடின் மேல்தான் உட்காரும். ஆகவே குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். குழிகளின் ஆழம் கூட்டுக்குக் கூடு சற்று மாறும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே ஆழத்துக்குக் கொண்டுவரும் சிறு கடைசல் கருவியும் உண்டு. அரைத் தானியங்கிக்கு நிரப்புகிறவர்கள் அதைப் பயன்படுத்துவது நல்லது.

ராணுவத் தோட்டாக்களின் கூட்டில் இன்னொரு சிக்கல். பிரைமர் கழன்று வந்து இயந்திரத்தில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக, தொழிற்சாலையில் குழியின் விளிம்பைச் சுற்றி உலோகத்தை உள்நோக்கி நசுக்கிவிடுவார்கள். பழைய பிரைமரைத் தள்ளிய பிறகும் அந்த நசுங்கிய விளிம்பு குழியின் வாயில் குறுகலாக நிற்கும். இதைக் கவனிக்காமல் புதுப் பிரைமரை அழுத்தினால் அது விளிம்பில் தட்டும், சாயும், கிண்ணத்தின் ஓரம் சீவப்படும். எவ்வளவு அழுத்தினாலும் அடிவரை இறங்காது. இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து பலத்தைக் காட்டுகிறார்கள். செய்ய வேண்டியது, நிறுத்தி, கூட்டை வெளியே எடுத்து, விளிம்பைச் சீவியோ அழுத்தியோ விரித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவது. ஒரு கூட்டில் ஒரு முறை செய்தால் போதும்.

பிரைமரைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ரைஃபிள் பிரைமரில் சுமார் 0.175 அங்குலம், 0.210 அங்குலம் என இரண்டு விட்ட அளவுகள். கைத்துப்பாக்கிப் பிரைமர்களும் இதே விட்டங்களில் கிடைக்கின்றன. விட்டம் ஒன்றாயிருப்பதால் குழிக்குள் போய்விடும், ஆனால் அவற்றின் கிண்ணம் மெல்லியது. பெரிய அளவில் உயரமும் வேறுபடும். பெரிய ரைஃபிள் பிரைமரைக் கைத்துப்பாக்கிக் கூட்டில் வைத்தால் மேடாக நிற்கும். கைத்துப்பாக்கிப் பிரைமரை ரைஃபிள் கூட்டில் வைத்தால் மெல்லிய கிண்ணம் எளிதில் பற்றும். இரண்டும் கூடாது.

அழுத்துவதற்கு மேசையில் பொருத்திய பெரிய அழுத்துக் கருவியும் உண்டு, கையில் பிடித்து அழுத்தும் சிறு கருவியும் உண்டு. பெரிய நெம்புகோலில் பலம் பெருகுவதால், அடியில் என்ன நடக்கிறது என்பது உள்ளங்கைக்கு எட்டாமல் போகலாம். கைக்கருவியில் தெளிவாகத் தெரியும். முதலில் கிண்ணம் குழிச் சுவரில் உரசி இறங்கும் ஒரே சீரான தடை. பிறகு கால்கள் தரையைத் தொட்டதும் ஒரு நிறுத்தம். அதற்கு மேல் ஒரு சிறு, கெட்டியான அழுத்தம். அத்தோடு போதும். இடிப்பதோ குத்துவதோ இல்லை. மெதுவான, விட்டுவிடாத அழுத்தம். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் குழி தளர்ந்துவிட்டது என்று பொருள், அந்தக் கூட்டை ஒதுக்க வேண்டும். நடுவிலேயே கல்லைப்போல நின்றால் மேற்கொண்டு அழுத்தாமல் காரணத்தைத் தேட வேண்டும்.

எவ்வளவு ஆழம்? கூட்டின் அடிமட்டத்துக்குக் கீழே அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் இலக்கு. மில்லிமீட்டரில் ஏறத்தாழ 0.08 முதல் 0.13 வரை. லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அளவு புதிதல்ல. மற்றவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, விரல் நுனியே இதை உணரும். கூட்டின் அடியில் விரலை ஓட்டினால், சரியாக உட்கார்ந்த பிரைமர் சிறு பள்ளமாகத் தட்டுப்படும். மட்டமாக இருந்தால் வழுவழுவென்று போகும். மேடாக இருந்தால் விரல் ஏறி இறங்கும். ஐயம் வந்தால் கூட்டை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் நிமிர்த்தி வைக்கலாம். மேடான பிரைமருள்ள கூடு ஆடும். அளந்தே பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஆழமானி இருக்கிறது.

இந்தச் சோதனை ஒவ்வொரு கூட்டுக்கும் தேவை. பத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு மீதியை அனுமானிப்பது இங்கே உதவாது. கசடு படிந்த ஒரு குழி, விளிம்பு விரிக்க மறந்த ஒரு ராணுவக் கூடு, பார்க்காமல் விட்ட ஒன்பதில் இருக்கலாம்.

அழுத்தும் வேலையிலும் ஆபத்து உண்டு. பிரைமர் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ சிக்கி நசுங்கினால் அங்கேயே வெடிக்கலாம். ஒன்று வெடிப்பது கையைச் சுடும், உலோகத் துணுக்கு கண்ணில் படலாம். நீண்ட குழாயில் 100 பிரைமர்களை அடுக்கித் தானாக ஊட்டும் கருவிகளில் ஒன்றின் வெடிப்பு அடுத்தடுத்ததைப் பற்ற வைத்து முழு வரிசையும் வெடிக்கக்கூடும். அதனால்தான் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் என்கிறார்கள். பிரைமர்களை அவை வந்த பெட்டியிலேயே வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழியில் வைத்துப் பிரிக்கின்றன. ஒரு பாட்டிலில் கொட்டி வைத்தால் அது வெடிகுண்டுக்குச் சமம். வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும், ஈயம் கையோடு சாப்பாட்டுத் தட்டுக்குப் போகும்.

ஸ்லாம் ஃபயருக்குத் துப்பாக்கி செய்தவர்களும் தோட்டா செய்தவர்களும் தங்கள் பங்குக்குத் தீர்வு தேடியிருக்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் எம்16 ரைஃபிளில் இந்தச் சிக்கல் எழுந்தபோது அடிஊசியின் எடையைக் குறைத்தார்கள். எடை பாதியானால் அதே வேகத்தில் அது சுமக்கும் ஆற்றலும் பாதியாகும். இன்று ராணுவத் தரத்துக்கு ஒப்பச் செய்த, எளிதில் பற்றாத பிரைமர்கள் தனியாக விற்கப்படுகின்றன. சிசிஐ நிறுவனத்தின் 34, 41 ஆகிய எண்கள் அந்த வகை; முதலாவது பெரிய அளவு, இரண்டாவது சிறிய அளவு.

சுடும் பழக்கமும் கணக்கில் வரும். போட்டியில் நிதானமாக ஒவ்வொன்றாகச் சுடும்போது, தோட்டாவை நேரே அறைக்குள் போட்டுவிட்டுப் போல்ட்டை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தோட்டா வழக்கமாக ரைஃபிளின் தோட்டாப் பெட்டியிலிருந்து உரசிக்கொண்டு வரும்போது போல்ட்டின் வேகம் சற்றுக் குறையும். அந்த உரசல் இல்லாதபோது போல்ட் முழு வேகத்தில் மோதுகிறது. வேகம் கூடினால் ஆற்றல் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே ஒரே ஒரு தோட்டாவானாலும் அதைப் பெட்டி வழியாகவே ஊட்ட வேண்டும் என்பது காரண்ட் வைத்திருப்பவர்களிடையே உறுதியான அறிவுரை. கூட்டைச் சரியான அளவுக்குச் சுருக்காமல் விட்டாலும் போல்ட் பூட்டாமல் பாதியில் நிற்கும். மேடான பிரைமரும் அதனோடு சேர்ந்தால் இரண்டு தவறுகள் ஒரே கணத்தில் சந்திக்கின்றன.

நடந்த ஸ்லாம் ஃபயர்களுக்கு முதற்காரணம் எது என்பதில் அனுபவசாலிகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. சிலர் மேடான பிரைமரைச் சொல்கிறார்கள். சிலர் எளிதில் பற்றும் மெல்லிய பிரைமரையும் தளர்ந்த அடிஊசியையும் சொல்கிறார்கள். வெடித்துச் சிதறிய கூட்டைப் பார்த்து, வெடிக்கும் முன் பிரைமர் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அளக்க வழியில்லை. ஆகவே அந்த விவாதம் எளிதில் முடியாது. என் எண்ணம் இவ்வளவுதான்: ஊசியின் எடையும் போல்ட்டின் வேகமும் நிரப்புகிறவரின் கையில் இல்லை. பிரைமரின் ஆழம் முழுக்க அவர் கையில் இருக்கிறது. கெட்டியான பிரைமரை வாங்குவது நல்லதுதான், ஆனால் மேடாக உட்கார்ந்த கெட்டியான பிரைமரும் மேடான பிரைமர்தான்.

சோதனையைத் தாண்டி, மருந்தும் குண்டும் நிரப்பிய பிறகு மேடான பிரைமர் ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்வது? பிரைமரை இன்னும் கொஞ்சம் அழுத்திவிடலாம் என்றுதான் கை போகும். நிரப்பிய தோட்டாவில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. வெறுங்கூட்டில் பிரைமர் வெடித்தால் ஒரு சத்தம், ஒரு சூடு. நிரப்பிய தோட்டாவில் வெடித்தால் கையிலேயே தோட்டா வெடிக்கிறது. அதைத் தனி டப்பாவில் போட்டு, மேலே எழுதி ஒட்டி, ஒதுக்கி வைக்க வேண்டும். பிறகு, சுத்தியல் போலத் தட்டிக் குண்டைக் கழற்றும் கருவியை விட்டுவிட்டு, பிடித்து மெதுவாக இழுக்கும் கருவியால் குண்டைப் பிரித்து, மருந்தைக் கொட்டிவிட்டு, வெறுங்கூட்டை எடுத்துக் குழிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கலாம்.